வீட்டில் காய்ச்சும் காபி சிரப்: பூத்துப் போகும் பாகோடு ஒன்றரை வருடம்

ஃபிளேவர் சிரப் பாட்டில்கள் தள்ளுபடி விலைக்கு வரும்போதெல்லாம் "இன்னுமா வீட்டில் காய்ச்சுகிறீர்கள், வாங்கிவிடலாமே?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது. சர்க்கரை, தண்ணீர், வாசனைப் பொருள், அடுப்பு. செய்முறை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதைத் திரும்ப எழுதவில்லை. காய்ச்சிய பிறகு ஃபிரிட்ஜ் கதவில் நிற்கும் பாட்டில் வாரக்கணக்கில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் சொல்ல வேண்டும். அது பூத்துப் போகிறது, அதாவது கரைந்த சர்க்கரை மறுபடி கல்லாகிறது. ஒன்றரை வருடப் பயன்பாட்டில் பெரிய எரிச்சல் இது ஒன்றுதான்.

ஊற்றிய அன்று பாகு கண்ணாடி மாதிரி இருக்கும். ஐந்தாறு நாள் கழித்துப் பாட்டிலைச் சாய்த்தால் அடியில் மெல்லிய வெள்ளைத் தகடு ஒன்று நகராமல் நிற்கும். இன்னும் ஒரு வாரம் விட்டால் அது கற்கண்டாகிவிடும், கரண்டிக் காம்பால் குத்தினாலும் பெயராது. பம்ப் மாட்டிய பாட்டிலில் குழாயின் நுனி அடைத்துக்கொள்ளும். அழுத்தினால் காற்றுதான் வரும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. கெட்டியான சிரப்புக்கு எங்கும் சொல்லப்படும் அளவு இரண்டு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு தண்ணீர். எடையில் பார்த்தால் அது 66.7 சதவீதம். 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் ஏறக்குறைய 68 சதவீதம் வரை சர்க்கரையைத் தாங்கும், அதனால் சமையலறை மேடையில் இருக்கும்வரை தொந்தரவு இல்லை. ஃபிரிட்ஜின் 4 டிகிரியில் அந்த வரம்பு 65-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. கூடுதலாக இருப்பது படிகமாக வெளியே வந்துதான் ஆக வேண்டும். கெடாமல் இருக்கட்டும் என்று உள்ளே வைக்கிறோம், அந்தக் குளிரே பாகைப் பூக்க வைக்கிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கப் அளவில் 2:1 போட்டவர்கள் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். அவர்கள் சொல்வதும் நிஜம்தான். ஒரு கப் சர்க்கரை 200 கிராம், ஒரு கப் தண்ணீர் 240 கிராம். அவர்களுடைய 2:1 உண்மையில் 400-க்கு 240, அதாவது 62.5 சதவீதம்தான். அதே ஆள் மூடி போடாமல் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு 40 கிராம் தண்ணீரை ஆவியாக்கினால் நேராக 66.7-க்கு வந்து நிற்பார். ஒரு தடவை நன்றாக வந்து, அடுத்த தடவை பூத்துப் போவதற்கு இதைத் தவிர வேறு மர்மம் இல்லை.

பாகு என்றாலே நம் கை கம்பிப் பதத்தைத் தேடுகிறது. அதிரசத்துக்கும் மைசூர்பாகுக்கும் பழகிய கை அது. காபி சிரப்புக்கு அது கூடவே கூடாது. கம்பிப் பதம் வருவதற்குள் சர்க்கரை எழுபது சதவீதத்தைத் தாண்டிப் போயிருக்கும். பிசுக்குப் பதத்துக்கும் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை முழுக்கக் கரைந்து ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிடலாம்.

இப்போது நிலைத்துவிட்ட அளவு 300 கிராம் சர்க்கரை, 200 கிராம் தண்ணீர். இது 60 சதவீதம். வெறும் பாத்திரத்தின் எடையை முதலில் குறித்துக்கொண்டு, காய்ச்சி இறக்கிய பின் மறுபடி தராசில் வையுங்கள். உள்ளே இருப்பது 500 கிராமுக்குக் குறைந்தால், குறைந்த அளவுக்குக் கொதித்த தண்ணீரை ஊற்றுங்கள். கிடைக்கும் பாகு ஏறக்குறைய 390 மில்லி. இந்த ஒரு வேலையைச் செய்ததிலிருந்து பாட்டிலின் அடியில் தகடு பிடிப்பதே இல்லை. கழுத்தில் மட்டும் பிடிக்கும். ஊற்றும்போது வழிந்த சொட்டு காய்ந்து பொடிப்பொடியாக நிற்கும். வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும்.

பூக்காமல் இருக்க எலுமிச்சை பிழிவது நம் வீடுகளில் பழைய பழக்கம். அது வேலை செய்கிறது, ஏனென்றால் புளிப்பும் சூடும் சேர்ந்து சர்க்கரையில் ஒரு பகுதியை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைக்கின்றன. மூன்றும் கலந்திருந்தால் படிகம் எளிதில் கட்டாது. ஆனால் சாறு கொதியின் ஆரம்பத்திலேயே போய், ஐந்து நிமிடமாவது சிறுதீயில் இருக்க வேண்டும். இறக்கிய பின் பிழிந்தால் புளிப்புதான் மிச்சம். 500 கிராமுக்கு அரை டீஸ்பூன் போதும். பயத்தில் அரை மூடியைப் பிழிந்தால் காபியில் புளிப்பு தெரியும், காலையில் வாங்கி மாலைவரை வெளியே இருந்த பாலாக இருந்தால் திரிந்தும் போகும். பால் காபிக்கு எலுமிச்சையை விட, பேக்கரி சாமான் கடைகளில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோஸ் பாதுகாப்பு. 300 கிராம் சர்க்கரையில் 30 கிராமை எடுத்துவிட்டு அதற்கு இதைப் போடலாம்.

ஏற்கெனவே பூத்துப்போன பாட்டிலைக் கொட்ட வேண்டாம். 2:1 எடையில் காய்ச்சிய 500 கிராம் பாகுக்கு 55 கிராம் தண்ணீர் சேர்த்து மறுபடி ஒரு கொதி விட்டால் 60-க்கு வந்துவிடும். ஒரு கல்கூட மிஞ்சக் கூடாது. மிஞ்சிய கல்லைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்தது வளரும்.

எரிச்சல் இவ்வளவு இருந்தும் விடாமல் காய்ச்சுவதற்குக் காரணம் ஏலக்காய். ஏலப்பொடி போட்ட காபியில் முதல் வாய் மணக்கும், கடைசி வாயில் துகள் பல்லில் மாட்டும். சிரப்பில் அந்த மணம் டம்ளர் முழுக்க ஒரே சீராக இருக்கிறது. 500 கிராம் பாகுக்குப் பன்னிரண்டு காய், தோலை நீக்கி விதையை மட்டும் ஒன்றிரண்டாகத் தட்டி, அடுப்பை அணைத்த பின் போட்டு உடனே மூட வேண்டும். மூடாவிட்டால் அந்த எண்ணெய் ஆவியோடு போய்விடும். வீடு மணக்கும், பாகு மணக்காது. நாற்பது நிமிடத்தில் துணியில் வடித்துவிடுங்கள். ராத்திரி முழுக்க ஊறவிட்டால் கற்பூர நெடி முன்னால் வந்து நிற்கும். சிக்கரி கலந்த டிகாக்‌ஷனுக்கு இதைவிடப் பொருத்தமான வாசனை எனக்குத் தெரிந்து இல்லை. 150 மில்லி காபிக்கு 10 மில்லி விட்டால் சர்க்கரை இரண்டு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். குளிர்ந்த காபியில் சர்க்கரை கரையாமல் அடியில் கிடக்கும் தொல்லையும் இல்லை.

பட்டை போட்டால் குச்சியாகப் போடுங்கள், பொடி வழவழப்பாகிவிடும். இஞ்சியில் கவனம் தேவை. பச்சை இஞ்சிச் சாற்றில் பாலைத் திரிக்கும் நொதி உண்டு. சாற்றை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் அது செத்துவிடும். ஆறிய பாகில் அப்படியே கலந்தால் பால் திரிந்துபோகும்.

வெல்லப் பாகு பூப்பதே அபூர்வம், ஏனென்றால் உடைந்த சர்க்கரை அதில் இயல்பாகவே இருக்கிறது. ஆனால் அதன் புளிப்பும் உப்புகளும் கொதிக்கும் பாலைத் திரித்துவிடுகின்றன. காபியைக் கலந்து ஆற்றி, குடிக்கும் சூட்டுக்கு வந்த பிறகு கடைசியாக விட வேண்டும். கருப்பட்டிப் பாகை நான் பாலோடு சேர்ப்பதே இல்லை. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் குடிப்பதுபோல் கடுங்காப்பியில் விட்டால்தான் அதன் ருசி முழுதாகக் கிடைக்கிறது.

பூஞ்சையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சூடாக ஊற்றி மூடினால் மூடியின் உள்பக்கம் நீர் கோத்து, சொட்டி, பாகின் மேல் மெல்லிய தண்ணீர்ப் படலமாக நிற்கும். அங்கே சர்க்கரை குறைவு, பூஞ்சை முதலில் பிடிப்பதும் அங்கேதான். மூடிய சூட்டோடு பாட்டிலை இரண்டு தடவை கவிழ்த்து நிமிர்த்தினால் படலம் கலந்துவிடும். பாட்டிலைப் பத்து நிமிடம் கொதிநீரில் போட்டுக் காயவைத்திருந்தால் ஃபிரிட்ஜில் ஒரு மாதம் தாராளமாக நிற்கும். மேலே பொட்டு விழுந்த பாட்டிலை வழித்துவிட்டுப் பயன்படுத்தாதீர்கள், முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

செலவு இன்றைய விலையில் ஒரு தடவைக்கு முப்பது ரூபாய்க்குள் அடங்குகிறது. ஏலக்காய், பட்டை, இஞ்சி மூன்றிலும் வீட்டுப் பாகின் மணத்துக்குக் கடைப் பாட்டில் பக்கத்தில் வராது. அப்படியிருந்தும் கேட்டவர்களுக்கு என் பதில், வாங்கிவிடுங்கள் என்பதுதான். ஹேசல்நட்டை வீட்டில் அந்த அளவுக்கு எடுக்க முடியாது. வனிலாக் காயின் விலை கட்டுப்படியாகாது, எசன்ஸ் விட்டுக் காய்ச்சுவதற்குக் கடைச் சரக்கே மேல். கிராம் காட்டும் தராசு இல்லாத வீட்டில் மற்றவையும் வேண்டாம். தராசு வாங்கிய பிறகு கேளுங்கள், முதல் பாட்டிலுக்கு ஏலக்காய் என்றுதான் சொல்வேன்.