பிஏஎல் வீடியோவை என்டிஎஸ்சிக்கு மாற்ற மென்பொருள் வாங்குபவர்கள் கவனத்துக்கு

பாட்டி உயிரோடு இருந்தபோது கேம்கார்டரில் எடுத்த ஒரு மணி நேரப் பதிவு என்னிடம் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் அக்காவுக்கு அதை டிவிடியாக அனுப்ப ஆசைப்பட்டேன். பதிவு பிஏஎல் என்ற, இந்தியாவில் வழங்கிய டிவி முறை: நொடிக்கு 25 பிரேம் (தனித்தனிப் படம்), ஒவ்வொன்றிலும் 576 கிடைவரி. அக்காவின் பழைய பிளேயர் ஏற்பது என்டிஎஸ்சி என்ற அமெரிக்க முறை: நொடிக்கு 29.97 பிரேம், 480 வரி. "ஒரே கிளிக்கில், தரம் குறையாமல்" என்று விளம்பரம் செய்த ஒரு மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கி ஏமாந்தேன்.

ட்ரயலில் முதல் இரண்டு நிமிடத்தை மட்டுமே மாற்ற விட்டார்கள். அந்த இரண்டு நிமிடமும் பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து பேசும் காட்சி, அசைவே கிடையாது. பளிச்சென்று வந்தது. நம்பிப் பணம் கட்டி, முழுவதையும் மாற்றி அனுப்பிவிட்டேன். அக்கா போன் செய்தாள். "என்னடா இது, பாட்டி கையை வீசினா கை கிழிஞ்சு போற மாதிரி இருக்கு. கடைசியில குரல் வந்த அப்புறம்தான் வாய் அசையுது."

அன்று இரவு கோப்பைத் திறந்து ஒவ்வொரு பிரேமாகத் தள்ளிப் பார்த்தேன். ஐந்து பிரேம் நகர்கிறது, ஆறாவது முந்தைய பிரேமின் நகல். மறுபடி ஐந்து, மறுபடி ஒரு நகல். 25-ஐ 30 ஆக்க அவர்கள் செய்தது அவ்வளவுதான். கேமரா பக்கவாட்டில் திரும்பும்போதெல்லாம் படம் விக்கி விக்கி நகர்ந்ததற்குக் காரணம் இதுதான். அந்த 30-ஐ அப்படியே 29.97 வேகத்தில் ஓடவிட்டதால், ஒரு மணி நேர முடிவில் படம் ஒலியைவிட 3.6 நொடி பின்தங்கிவிட்டது.

இதைவிட மோசமானது கை கிழிந்த விஷயம். இந்தப் பதிவில் ஒரு பிரேம் என்பது ஒரே கணத்துப் படம் இல்லை. நொடியில் 50-இல் ஒரு பங்கு இடைவெளியில் எடுத்த இரண்டு ஃபீல்டுகள், ஒன்றுவிட்டு ஒரு வரியாகப் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் 576 வரியை 480 ஆக நசுக்கினால் இரண்டு கணங்களும் ஒன்றோடொன்று கலந்துவிடும். கலந்தபின் எந்த மென்பொருளாலும் சுத்தமாகப் பிரிக்க முடியாது. மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பித்தேன்.

கம்பெனிக்கு எழுதினேன். "உங்கள் மூல வீடியோவில் கோளாறு" என்று பதில் வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டால், பணம் கட்டியதும் தந்த கீயை (மென்பொருளைத் திறக்கும் குறியீடு) ஆக்டிவேட் செய்துவிட்டதால் முடியாதாம். ஆக்டிவேட் செய்யாமல் இரண்டு நிமிடத்தைத் தாண்டவே முடியாது! அப்புறம் எப்படித்தான் சோதித்துப் பார்ப்பது? அதற்கு மட்டும் பதில் இல்லை.

வாங்கும் முன் உங்கள் பதிவில் வேகமான அசைவு உள்ள ஒரு துண்டைத் தனியாக வெட்டி, அதை ட்ரயலில் போட்டுப் பாருங்கள். குழந்தை ஓடுவது, கேமரா திரும்புவது, இப்படி ஏதாவது. டீஇன்டர்லேஸ் செய்து, அதாவது பின்னிய ஃபீல்டுகளைப் பிரித்து, அவற்றை நொடிக்கு 50 முழுப் படங்களாக்கி, அசைவைக் கணக்கிட்டு 59.94 (29.97 பிரேமுக்கு இரண்டிரண்டு ஃபீல்டு) ஆக்குகிறதா, எந்த ஃபீல்டு முதலில் என்று சொல்ல வழி இருக்கிறதா என்று கேளுங்கள். கேம்கார்டர் டிஜிட்டல் கேசட்டில் வழக்கமாகக் கீழ் ஃபீல்டுதான் முதலில் வரும். அது மாறினால் அசைவு முன்னும் பின்னும் துடிக்கும். அதற்கும் முன்னால், மாற்றத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். கம்ப்யூட்டரில் பார்ப்பதாக இருந்தால் 25 பிரேம் கோப்பு அப்படியே ஓடும்.

நான் கடைசியில் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் செய்தேன். கட்டளைகளைப் படித்துப் புரிந்துகொள்ளவே இரண்டு மாலை ஆனது, மாற்றம் முடிய இரவு முழுக்க ஆனது. விரல்கள் முகத்துக்குக் குறுக்கே போகும் சில இடங்களில் ஓரம் லேசாக உருகித் தெரிகிறது. மற்றபடி பாட்டி கை வீசினால் அது பாட்டியின் கையாகவே இருக்கிறது. புது வட்டை அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். கட்டிய பணம் மட்டும் இன்னும் வரவில்லை.