தாராவி வீட்டுக்குக் குடிநீர்: கொதிக்க வைப்பதா, குளோரினா, ஆர்.ஓ.வா?

மும்பைக்குத் தண்ணீர் பாட்சா, வைதர்ணா, தான்சா போன்ற ஏரிகளிலிருந்து வருகிறது. சுத்திகரித்து, குளோரின் கலந்துதான் அனுப்புகிறார்கள். கெடுவது வழியில். தாராவிச் சந்துகளில் சில மணி நேரம்தான் குழாயில் தண்ணீர். மற்ற நேரத்தில் அழுத்தமே இருக்காது. சாக்கடையை ஒட்டிப் போகும் குழாயில் விரிசல் இருந்தால் அப்போது அழுக்குநீர் உள்ளே புகுந்துவிடும். முதல் குடம் கலங்கலாக, நாற்றத்தோடு வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

ஆக, நம் பிரச்சினை கிருமி, உப்பு அல்ல. ஆர்.ஓ. மெஷினின் முக்கிய வேலையே உப்பை எடுப்பது. சென்னையில் போர் தண்ணீர் குடிக்கும் சொந்தக்காரர்கள் வாங்கினால் அதில் அர்த்தம் உண்டு. ஏரித் தண்ணீரில் உப்பு ஏற்கெனவே குறைவு. ஒரு லிட்டர் கிடைக்க சாதாரண மெஷின் இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். விடியற்காலையில் வரிசையில் நின்று பிடித்த தண்ணீரை அப்படிக் கொட்ட எனக்கு மனம் வராது. புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்லும் யூ.வி. மெஷின் பரவாயில்லை, ஆனால் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், கரண்டும் வேண்டும்.

கொதிக்க வைப்பதுதான் இருப்பதில் நம்பகமானது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். கால் மணி நேரம் கேஸை எரிக்க வேண்டியதில்லை. குறை என்னவென்றால், ஆறிய பிறகு அதற்குப் பாதுகாப்பு கிடையாது. குடத்துக்குள் சொம்பை விட்டு மொள்ளும்போது நாலு விரலும் தண்ணீரில் நனையும். அவ்வளவுதான், கொதிக்க வைத்த பலன் போய்விடும்.

குளோரின் அங்கேதான் ஜெயிக்கிறது. விலை மலிவு, போட்டபின் தண்ணீரிலேயே கொஞ்சம் தங்கிக் காவல் காக்கும். கலங்கல் நீரைத் தெளியவிட்டு, துணியில் வடிகட்டி, பாக்கெட்டில் சொன்ன அளவு போட்டு, அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். வாசனை சிலருக்குப் பிடிக்காது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி மட்டும் இதற்கு அசையாது.

அதனால் கைக்குழந்தையும் நோயாளியும் உள்ள வீட்டில் அவர்களுக்குக் கொதிக்க வைத்த தண்ணீர், மற்றவர்களுக்குக் குளோரின். என் தேர்வு இதுதான். எதைச் செய்தாலும் மூடியும் அடியில் குழாயும் உள்ள பாத்திரம் ஒன்று அவசியம். ஆர்.ஓ.வுக்கு எடுத்து வைத்த பணத்தில் முதலில் அதை வாங்குங்கள். அப்புறம், பொதுக் கழிப்பறைக்குப் போய் வருகிறவர்கள் கை கழுவ வாசலிலேயே ஒரு சோப்பும் வையுங்கள்.