வார மாத்திரையா, ஆண்டுக்கு ஒரு டிரிப்ஸா?

மாமியாருக்கு எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்ததில் டி-ஸ்கோர் (இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்) மைனஸ் 2.5-க்கும் கீழே. எலும்புப்புரை உறுதி. கால்சியம், வைட்டமின் டி, கேழ்வரகு, தினசரி நடை எல்லாம் எந்த மருந்தோடும் கூடவே வேண்டியவை. தேர்வு என்பது எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்துகளுக்குள்தான்: வாரம் ஒரு ஆலென்ட்ரோனேட் மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு டெனோசுமாப் ஊசி, ஆண்டுக்கு ஒரு ஸோலெட்ரானிக் ஆசிட் டிரிப்ஸ். நாங்கள் டிரிப்ஸ் பக்கம் போனோம். என் பேச்சும் அந்தப் பக்கமே சாயும்.

மாத்திரை விலை குறைவு, பழகிய மருந்து. சாப்பிடும் முறைதான் பாடு. எழுந்ததும் வெறும் வயிற்றில், டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்கவே கூடாது, உணவுக்குழாய் புண்ணாகலாம். விழுங்குவதில் நூற்றில் ஒரு பங்குகூட உடலில் சேர்வதில்லை, காபி அதையும் கெடுத்துவிடும். பல் துலக்கிய கையோடு டபராவைத் தேடுகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். போதாததற்கு அவருக்கு நெஞ்செரிச்சல் வேறு.

டிரிப்ஸ் என்பது 5 மில்லிகிராம் மருந்து. கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்றுவார்கள். அதற்கு முன் ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்த்தாக வேண்டும். பல் பிடுங்கும் வேலை இருந்தால் முதலிலேயே முடித்துவிட வேண்டும். அன்றிரவே காய்ச்சல், அடித்துப் போட்டாற்போல் உடம்பு வலி. பாராசிட்டமாலும் கஞ்சியுமாக இரண்டு நாள் போர்வைக்குள் கிடந்தார். முதல் முறைதான் இப்படி, அடுத்தடுத்துக் குறையும் என்கிறார்கள். பலனுக்குச் சான்று வலுவானது: இந்த மருந்தைச் சோதித்து 2007-இல் வெளியான ஹொரைசன் ஆய்வில், மூன்று ஆண்டுகளில் முதுகெலும்பு முறிவு 70 சதவீதமும் இடுப்பு முறிவு 41 சதவீதமும் குறைந்தன.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது வேறு கேள்வி: தேதி தள்ளிப்போனால் என்ன ஆகும்? பேத்தியின் பிரசவத்துக்கென்று பெங்களூரு போகிறவர் எப்போது திரும்புவார் என்று யாரும் சொல்ல முடியாது. ஸோலெட்ரானிக் ஆசிட் எலும்பிலேயே ஒட்டித் தங்கிவிடுவதால், டிரிப்ஸ் சில மாதங்கள் தாமதமானாலும் சட்டென்று சரிவு இல்லை. டெனோசுமாப் அப்படித் தங்காது. அடுத்த ஊசி தவறினால் அதுவரை அடங்கியிருந்த கரைதல் முன்னைவிட வேகமாகத் திரும்பும். சிலருக்கு முதுகெலும்பில் ஒரே சமயத்தில் பல முறிவுகள்கூட வருகின்றன. நிறுத்துவதென்றாலும் வேறொரு மருந்துக்கு மாறித்தான் நிறுத்த வேண்டும். வயதானவர்கள் உள்ள வீட்டில் அவ்வளவு கறாரான நாட்காட்டி நடக்குமா?

ஊசிக்கும் இடம் உண்டு. சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவர்களுக்கு டிரிப்ஸ் கிடையாது. அங்கே ஊசியைத்தான் யோசிப்பார்கள், ரத்தக் கால்சியம் இறங்காமல் கவனித்தபடி. எங்கள் வீட்டில் யாரும் போட்டுக்கொண்டதில்லை என்பதால், ஊசியைப் பற்றி நான் சொல்வது மருத்துவரிடம் கேட்டறிந்ததே.

மூன்று டிரிப்ஸ் ஆனதும் மறுபடி ஸ்கேன் பார்த்து, மருந்துக்கு ஓய்வு கொடுக்கலாமா என்று முடிவு செய்வதாகப் பேச்சு. அதற்கிடையில் தொடையில் காரணம் தெரியாத வலி வந்தால் உடனே சொல்ல வேண்டும். அரிதாகத் தொடை எலும்பில் விரிசல் விழுவதுண்டாம்.