தட்டைப் பெட்டியா, நெட்டை டப்பாவா?

அமெச்சூர் ரேடியோவில் (ஹாம்) ரிப்பீட்டர் கட்டக் கிளம்புகிறவர்கள், அதாவது பலவீனமாக வரும் குரலை வாங்கி உரக்கத் திருப்பி அனுப்பும் நிலையத்தை அமைக்கிறவர்கள், முதலில் ரேடியோவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்த செட், எத்தனை வாட், ஆண்டெனா எவ்வளவு உயரம்? ஒரே ஆண்டெனாவில் பேச்சையும் கேட்பையும் பிரித்து வைக்கும் வடிகட்டியான டூப்ளெக்ஸர் என்று வந்தால் மட்டும், "அதற்கு ஏதாவது ஒரு பெட்டி வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்" என்று பேச்சு முடிந்துவிடும். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து மொட்டைமாடியில், தகரக் கூரை போட்ட சிறிய அறைக்குள் எங்கள் இரண்டு மீட்டர் பட்டை ரிப்பீட்டர் இருக்கிறது. முதல் 14 மாதங்கள் அதில் தட்டைப் பெட்டி இருந்தது. இப்போது மூன்றாவது ஆண்டாக நெட்டை டப்பாக்கள். இரண்டோடும் குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம், நான் டப்பா கட்சி.

தட்டைப் பெட்டி என்பது ஒரு தடித்த அகராதி அளவுக்கு இருக்கும் ஆறு அறை டூப்ளெக்ஸர். மேலே ஆறு திருகுகள், மூன்று கனெக்டர்கள், அவ்வளவுதான். நெட்டை டப்பா என்பது தனித்தனி உருளைகளாக நிற்கும் கேவிட்டி, அதாவது ஒரு குறிப்பிட்ட அலைவரிசைக்கு ஒத்திசையும் உலோக அறை. 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளமே 52 சென்டிமீட்டர் வருகிறது. அதனால் ஒவ்வொரு டப்பாவும் முழங்காலைத் தாண்டி நிற்கும். நான்கை ஒரு சட்டத்தில் பூட்டினால் இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும்.

இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காக நான்கு வரி. நம் நாட்டில் இரண்டு மீட்டர் பட்டை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. ரிப்பீட்டர் 145.650-இல் பேசுகிறது என்றால் 145.050-இல் கேட்கிறது. இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ்தான். பேச்சும் கேட்பும் ஒரே நேரத்தில், ஒரே ஆண்டெனாவில் நடக்க வேண்டும். வெளியே போகும் சக்தி 20 வாட். உள்ளே வரும் பலவீனமான குரலோ கால் மைக்ரோவோல்ட். கணக்குப் போட்டால் இரண்டுக்கும் இடையே சுமார் 160 கோடிக் கோடி மடங்கு வித்தியாசம். கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு எதிர்த் தெருவில் ஒருவர் கிசுகிசுப்பதைக் கேட்கிற வேலை அது. ரிப்பீட்டர் தன் குரலாலேயே தன் காதைச் செவிடாக்கிக்கொள்வதைத்தான் டீசென்ஸ் என்கிறோம்.

டூப்ளெக்ஸர் இரண்டு பக்கமும் காவல் நிற்க வேண்டும். ரிசீவர் பக்கம், நம் சொந்த கேரியர் (டிரான்ஸ்மிட்டர் வீசும் அலை) உள்ளே நுழைந்து முதல் நிலையையே அமுக்கிவிடாமல் தடுக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டர் பக்கம், அதன் கேரியருக்கு இருபுறமும் சிதறும் இரைச்சல் 145.050 வரை போய் விழாமல் தடுக்க வேண்டும். பலர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். ரிசீவரில் எத்தனை நல்ல ஃபில்டர் போட்டாலும் இந்த இரைச்சலை அது தடுக்காது, ஏனென்றால் அது நாம் கேட்கும் அலைவரிசையிலேயே வந்து உட்காருகிறது. பிறக்கும் இடத்தில்தான் அதை வெட்ட வேண்டும். மொத்தத்தில் 80 டெசிபல் தடுப்பு தேவை (பத்துக் கோடியில் ஒரு பங்குதான் தாண்டி வரலாம்), அதற்கு மேல் கிடைத்தால் நிம்மதி.

"இரண்டு ஆண்டெனா வைத்துவிட்டால் டூப்ளெக்ஸரே வேண்டாமே" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் எழுவார். ஒன்றின் மேல் ஒன்றாகப் பத்து மீட்டர் விட்டு வைத்தால் 55 டெசிபல் கிடைக்கும். 80-ஐத் தாண்டி 85 வேண்டுமென்றால் கோபுரத்தில் 55 மீட்டர் இடைவெளி வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைப்பதென்றால் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர்! கோபுரமும் நிலமும் உள்ளவர்கள் செய்யட்டும்.

விலையில் தட்டைப் பெட்டிதான் ஜெயிக்கும், அதில் பேச்சே இல்லை. இடமும் மிச்சம், எடையும் மிச்சம். நாங்கள் வாங்கியது இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம். உங்கள் அலைவரிசைக்கே டியூன் செய்து அனுப்புகிறோம் என்றார்கள், அனுப்பவும் செய்தார்கள். வீட்டு மேசையில் வைத்து அளந்தபோது தடுப்பு 60 டெசிபலைச் சற்றே தாண்டியது, இழப்பு மூன்று டெசிபல். அதாவது 20 வாட் உள்ளே போனால் வெளியே வருவது பத்து. பாக்கிப் பத்து வாட்டில் பெரும்பகுதி அந்தச் சிறிய பெட்டிக்குள்ளேயே சூடாகிறது. இந்தச் சூட்டை அப்போது நாங்கள் பொருட்படுத்தவில்லை.

இந்த வகைப் பெட்டிகள் பொதுவாக ஐந்து மெகாஹெர்ட்ஸ் அளவு இடைவெளிக்கு எண்ணிச் செய்யப்படுபவை. 600 கிலோஹெர்ட்ஸுக்கு அவற்றைப் பிழிந்தால் தடுப்பு குறையும், இழப்பு ஏறும். குறை பெட்டியினுடையது என்பதைவிட, அதற்கு உரியதல்லாத வேலையை அதன் தலையில் கட்டிய எங்களுடையது.

இனி எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம். விலையோ டெசிபலோ அல்ல, டியூனிங் நிற்குமா என்பதுதான் கேள்வி. மேசை மேல் எந்த டூப்ளெக்ஸரும் நன்றாகத்தான் இருக்கும். மலை மேல், பூட்டிய அறையில், ஆறு மாதம் யாரும் தொடாமல் அது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எங்கள் அறையில் சித்திரை மாதப் பகலில் 40 டிகிரி, மார்கழி விடியலில் 15. ஒரே நாளுக்குள்கூட 15, 20 டிகிரி ஏறி இறங்கும், தகரக் கூரையின் புண்ணியம். அலுமினியம் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு நீளும். கேட்க அற்பமாக இருக்கும். 145 மெகாஹெர்ட்ஸில் அது டிகிரிக்கு 3.3 கிலோஹெர்ட்ஸ். 25 டிகிரி மாறினால் 80 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் டியூனிங் நகர்ந்துவிடும். தடுக்க வேண்டிய அலைவரிசையில் டூப்ளெக்ஸர் வெட்டும் பள்ளத்தை நாட்ச் என்கிறோம், அதன் அடிப்பகுதியோ சில பத்து கிலோஹெர்ட்ஸ் அகலம்தான். கேரியர் பள்ளத்தின் அடியிலிருந்து கரையேறிவிடுகிறது.

எங்களுக்கு இது ஞாயிற்றுக்கிழமை நெட்டில்தான் (ரிப்பீட்டரில் எல்லோரும் முறைவைத்துப் பேசும் கூட்டம்) தெரிந்தது. காலை ஏழரைக்குத் தொடங்கும்போது நாமக்கல் பக்கத்திலிருந்து கைக்கருவியில் வரும் நண்பர் தெளிவாகக் கேட்பார். ஐந்தாறு பேர் பேசி முடித்த பிறகு அவரை மறுபடி அழைத்தால் குரல் கிழிந்து வரும். அதற்கும் பிறகு வெறும் இரைச்சல். அவருடைய பேட்டரியைக் குறை சொன்னோம், நின்ற இடத்தைக் குறை சொன்னோம். பாவம், இரண்டு முறை பேட்டரி மாற்றினார். ஒருநாள் நான் அறைக்குள் இருந்தபோது நெட் நடந்தது. பெட்டியின் மேல் கை வைத்தேன், இட்லிப் பாத்திரத்து மூடியைத் தொட்டதுபோல் இருந்தது. பேசப் பேசப் பெட்டி சூடாகி, சூட்டில் நாட்ச் நகர்ந்து, ரிசீவர் செவிடாகிக்கொண்டிருந்தது. வெயில்கூடத் தேவைப்படவில்லை.

டியூன் செய்து பார்த்தோம், பலமுறை. ஆறு திருகில் ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருப்பது அசையும். எல்லாவற்றையும் சரியாக நிறுத்திவிட்டு லாக் நட்டை இறுக்கும்போது கண் முன்னாலேயே பள்ளம் 20 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போகும். இறுக்கினால் எவ்வளவு போகும் என்று ஊகித்து அந்த அளவு முன்கூட்டியே எதிர்ப்பக்கம் தள்ளி வைக்கும் வித்தை கைவந்தபோது, 14 மாதங்களில் ஒன்பது முறை மலையேறியிருந்தேன். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் விடுப்பு, பெட்ரோல், வீட்டில் ஒரு முறைப்பு. பெட்டியின் விலையில் மிச்சம் பிடித்தது இதில் கரைந்துவிட்டது.

ஒரு குற்றத்தை மட்டும் பெட்டியின் மேல் அநியாயமாகச் சுமத்தினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காற்றடிக்கும் நாட்களில் படபடவென்று ஒரு பொரிச்சல் சத்தம் வரும். அதற்காகவே இரண்டு முறை திருகைத் தொட்டேன். காரணம் ஆண்டெனாவுக்குப் போட்டிருந்த எல்எம்ஆர்-400 கேபிள். அலுமினியத் தாளும் வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னலும் உரசும் இடத்தில் இரைச்சல் பிறக்கிறது. ஒருவழிப் பேச்சுக்கு அருமையான கேபிள்தான், டூப்ளெக்ஸுக்கு மட்டும் ஆகாது. உள்ளே டூப்ளெக்ஸருக்கும் ரேடியோவுக்கும் இடையே ஒற்றைப் பின்னல் ஆர்ஜி-58 போட்டிருந்ததும் தவறு. 80 டெசிபல் தடுப்பு வாங்கிவிட்டுக் கசியும் கேபிளில் இணைப்பது, கோட்டைக் கதவைச் சாத்திவிட்டுக் கொல்லைப்புறப் படலைத் திறந்து வைப்பதற்குச் சமம். இரட்டைப் பின்னல் ஆர்ஜி-214, என்-டைப் கனெக்டர். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

டப்பாக்கள் எங்களுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம். ஒரு தொழிற்சாலை தன் பழைய வயர்லெஸ் அமைப்பைக் கழற்றிப் போட்டபோது, எடைக்குப் போக இருந்ததை ஒரு நண்பர் பார்த்துச் சொன்னார். நான்கு கேவிட்டிகள், செம்பு உடம்பு, உள்ளே வெள்ளி பூசிய கம்பம், மேலே நீளும் டியூனிங் தண்டு இன்வார். இந்த இன்வார்தான் விஷயமே. 36 சதவீதம் நிக்கல் கலந்த இரும்பு அது. 1896-இல் சார்ல் எடுவார் கியோம் கண்டறிந்தார், 1920-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. டிகிரிக்குப் பத்து லட்சத்தில் ஒன்றே கால் பங்குக்கு மேல் அது நீளாது. கம்பத்தின் நுனி எங்கே நிற்க வேண்டும் என்பதை இந்தத் தண்டுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அலுமினியம் 80 கிலோஹெர்ட்ஸ் நகரும் அதே 25 டிகிரிக்கு இது கணக்குப்படி நான்கைந்து கிலோஹெர்ட்ஸ்தான் நகரும். வெப்பத்துக்கு அசையாத உலோகம் கேட்டு கடிகாரக்காரர்கள் தவமிருந்த காலத்தில் பிறந்தது, இன்று எங்கள் தகரக் கூரைக்கு அடியில் நிற்கிறது.

எடுத்தவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. பழைய முதலாளி ஐந்து மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் ஓட்டியிருக்கிறார். நாட்ச் கப்பாசிட்டர் 600 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கி வர மறுத்தது. நான்கையும் மாற்ற வேண்டியிருந்தது, இரண்டு வாரங்கள் போயின. டப்பாக்களை இணைக்கும் கேபிள் துண்டுகளையும் புதிதாக வெட்டினோம். கால் அலை, கேபிளின் வேகத்தைக் கணக்கில் எடுத்தால் 34 சென்டிமீட்டர், கனெக்டருக்குள் போகும் நீளத்தையும் சேர்த்து.

டியூனிங்கில் முறை எளிது. முதலில் தண்டை நகர்த்தி, விட வேண்டிய அலைவரிசையில் இழப்பைக் குறைக்க வேண்டும். பிறகு நாட்ச் டிரிம்மரால் தடுக்க வேண்டியதைத் தடுக்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றது சிறிது அசையும், இரண்டு மூன்று சுற்றில் அடங்கிவிடும். அதற்கு நானோவிஎன்ஏ என்கிற சிறிய அளவுகருவி போதும், ஆனால் ஓர் எச்சரிக்கை: அது சுமார் 70 டெசிபல் ஆழம் வரைதான் பார்க்கும். நான்கையும் இணைத்துவிட்டு அளந்தால் பள்ளத்தின் அடி தெரியாது, கருவியின் இரைச்சலைத்தான் பள்ளம் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஒவ்வொரு டப்பாவாக அளக்க வேண்டும். எங்களுடையது ஒவ்வொன்றும் 40-ஐ ஒட்டி வந்தது, பக்கத்துக்கு இரண்டு, ஆக 80. இழப்பு 1.4 டெசிபல். 20 வாட்டில் பதினான்கரை வெளியே வருகிறது.

கடைசிச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஒருவரைத் தொலைவில் நிறுத்தி, இரைச்சல் கலந்து வரும் அளவுக்குக் குறைந்த சக்தியில் பேசச் சொல்லுங்கள். ரிசீவரில் காதை வைத்து, டிரான்ஸ்மிட்டரைப் போட்டும் அணைத்தும் பாருங்கள். இரைச்சல் கூடவில்லை என்றால் கதவைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கலாம். எங்களுக்கு மயிரிழையளவு கூடியது. சக்தியைப் பதினைந்து வாட்டாகக் குறைத்தோம், மறைந்துவிட்டது.

அதன் பிறகு ஆண்டுக்கு இரண்டு பயணம்தான். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒன்று, பேட்டரிக்காக ஒன்று. போகும்போது கனெக்டர்களை இறுக்கிப் பார்ப்பேன், துருவைத் துடைப்பேன், எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தியின் அளவு காட்டும் எண்) அளப்பேன். தண்டுகளைத் தொட்டதே இல்லை. நாமக்கல் நண்பர் நெட் முடியும்வரை கேட்கிறார்.

தட்டைப் பெட்டிக்கு உரிய இடமும் உண்டு. 70 சென்டிமீட்டர் பட்டையில், சில மெகாஹெர்ட்ஸ் இடைவெளி வைத்துக்கொண்டால் அது கச்சிதமான பொருள். தெரிந்த ஒருவர் மூன்று ஆண்டுகளாக ஓட்டுகிறார், புகார் இல்லை. ஆனால் அது அவருடைய அனுபவம், நான் ஒரே ஒருமுறை போய்ப் பார்த்ததோடு சரி. அவர் இடத்தில் வேறு டிரான்ஸ்மிட்டர்கள் கிடையாது. பல கோபுரங்கள் நெருங்கி நிற்கும் மலையில் அதே பெட்டி எப்படி இருக்கும் என்று யோசிக்க வேண்டும். நாட்ச் மட்டும் செய்யும் பெட்டி நம் ஒரு கேரியரைத் தடுக்குமே தவிர, பக்கத்து வீட்டாருடையதை வாசலிலேயே வரவேற்று உள்ளே அனுப்பும். டப்பா அப்படியல்ல, தன் அலைவரிசையைத் தவிர மற்றதை ஓரளவு வடிகட்டிவிடும்.

பழைய டப்பா கிடைக்காதவர்கள் புதிதாக வாங்கலாமா? வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், சுங்கத்தோடு சேர்த்து, ரிப்பீட்டரின் மற்றப் பாகங்கள் எல்லாவற்றையும்விட அதுவே அதிகமாகும். லேத்காரரைப் பிடித்துச் செம்புக் குழாயில் செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள், நான் செய்ததில்லை. இன்வார் தண்டு கிடைப்பதுதான் அதில் சிக்கல் என்கிறார்கள். எது எப்படியானாலும் டப்பாவுக்குப் போட்ட பணம் போகாது. எங்கள் நான்கையும் கேட்டு இதுவரை மூன்று பேர் வந்துவிட்டார்கள். தட்டைப் பெட்டியை வாங்கிய விலையில் பாதிக்குக் கொடுப்பதாகச் சொல்லியும் ஆள் வரவில்லை. ஏஎஸ்ஓசி என்கிற ஹாம் உரிமத் தேர்வு எழுதிவிட்டு வரும் பிள்ளைகள் திருகைப் பிடித்துப் பழக அதுதான் இப்போது என் மேசையில் கிடக்கிறது. நட்டை இறுக்கியதும் பள்ளம் ஓடுவதைப் பார்த்து அவர்கள் திட்டும்போது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.