ப்ராக்ஸ்மாக்ஸ்: பட்டர்வொர்த் ஆபீஸ்ல ஒன்றரை வருஷம் ஓட்டுனதுல சொல்றேன்

பட்டர்வொர்த்ல ஒரு அக்கவுண்ட்ஸ் ஆபீஸ் சர்வர நான்தான் பாத்துக்கறேன். பதினொரு பேரு, ஒரே சர்வர், 64 ஜிபி ரேம், அதுக்குள்ள நாலு விஎம் (ஒரே மெஷினுக்குள்ள தனித்தனி கம்ப்யூட்டர் மாதிரி ஓடற விர்ச்சுவல் மெஷின்), அதுல கணக்கு சாஃப்ட்வேர் இருக்கற விண்டோஸ் விஎம்தான் ஆபீஸுக்கு உயிர். விஎம்ம ஓட்டற ப்ராக்ஸ்மாக்ஸ்ங்கற சாஃப்ட்வேர்ல எல்லாத்தையும் போட்டு ஒன்றரை வருஷமாச்சு, சின்ன ஆபீஸ்னா தைரியமா போடுங்க.

வியன்னா கம்பெனி பண்றது, 2008ல இருந்து இருக்கு. அடியில டெபியன் லினக்ஸ், விஎம்ம ஓட்டறது கேவிஎம், கண்டெய்னர (விஎம்ம விட லேசான தனி அறை மாதிரி) ஓட்டறது எல்எக்ஸ்சி. ஒரு வெள்ளி கட்டாமலே எல்லா வசதியும் இருக்கு, லாகின் பண்றப்ப சப்ஸ்கிரிப்ஷன் இல்லன்னு ஒரு பெட்டி வரும், ஓகே தட்டிட்டு போயிரலாம். ஆனா போட்ட கையோட ரெப்போவ (அப்டேட் வர்ற இடம்) நோ-சப்ஸ்கிரிப்ஷனுக்கு மாத்திருங்க, இல்லன்னா அப்டேட் வராது.

பழைய விண்டோஸ இதுக்குள்ள விஎம்மா கொண்டு வர்றப்பதான் நான் மாட்டுனேன். வெள்ளிக்கிழமை ராத்திரி டிஸ்க்க விர்ட்ஐஓ ஸ்கஸில (விஎம்முக்குன்னே செஞ்ச வேகமான டிஸ்க் கனெக்ஷன்) போட்டு ஸ்டார்ட் பண்ணா நீல ஸ்க்ரீன், இனாக்சசிபிள் பூட் டிவைஸ். விண்டோஸுக்குள்ள அந்த ட்ரைவரே இல்ல, அப்புறம் எப்படி டிஸ்க் தெரியும்? டிஸ்க்க விண்டோஸுக்கு ஏற்கனவே தெரிஞ்ச சாட்டா கனெக்ஷனுக்கு மாத்துனேன், பூட் ஆச்சு, கூடவே 1 ஜிபில சும்மா ஒரு விர்ட்ஐஓ ஸ்கஸி டிஸ்க் மாட்டி, விர்ட்ஐஓ ஐஎஸ்ஓல இருந்து ட்ரைவர் ஏத்தி, ஆஃப் பண்ணி மெயின் டிஸ்க்க திருப்பி மாத்துனப்ப ஜம்முன்னு வந்துச்சு. முதல்ல சாட்டா, அப்புறம் விர்ட்ஐஓ, இத மறக்காதீங்க.

இ-இன்வாய்ஸுக்காக கணக்கு சாஃப்ட்வேர் அப்டேட் போட்ட அன்னிக்குதான் இதோட அருமை புரிஞ்சுது. மத்தியானம் எல்லாரும் சாப்பிட போனப்ப ஸ்னாப்ஷாட் (விஎம் அந்த நிமிஷம் இருந்த நிலை) எடுத்துட்டு அப்டேட் போட்டேன், கணக்கு பாக்கற அக்கா வந்து திறந்து பாத்துட்டு "தம்பி, கஸ்டமர் லிஸ்ட் காலியா இருக்குப்பா"ன்னு கூப்பிட்டாங்க. யாரும் எதுவும் கீ-இன் பண்றதுக்குள்ள ரோல்பேக் (ஸ்னாப்ஷாட் எடுத்த நிலைக்கு திரும்பறது) அமுக்குனேன், ஒரு நிமிஷம் கூட ஆகல, லிஸ்ட் அப்படியே திரும்பி வந்துருச்சு. லேட் பண்ணியிருந்தா நடுவுல போட்ட பில்லும் சேர்ந்து போயிருக்கும், அதனாலதான் ஆள் இல்லாத நேரம் பாத்து பண்ணனும்.

ரேம் விஷயம் ஒன்னு. ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1க்கு முன்னாடி போட்ட சர்வர்ல, டிஸ்க்க பாத்துக்கற இசட்எஃப்எஸ்ங்கற ஃபைல் சிஸ்டம் பாதி ரேம் வரைக்கும் கேஷுக்கு (cache, டிஸ்க்ல படிச்சத ரேம்ல வச்சுக்கறது) எடுத்துக்கும், லிமிட் வச்சிருங்க. ரெண்டே ரெண்டு சர்வர வச்சு கிளஸ்டர் (சர்வர்கள ஒன்னா சேர்த்து ஓட்டறது) போடாதீங்க, அதுல பாதிக்கு மேல ஓட்டு இருந்தாதான் வேலை நடக்கும், ஒன்னு படுத்தா இன்னொன்னுக்கு ஓட்டு பத்தாது, நின்ன விஎம்ம ஸ்டார்ட் கூட பண்ண முடியாது, மூணாவதா ஓட்டு போட ஒரு சின்ன மெஷினாவது வேணும்.

ஸ்னாப்ஷாட் அதே டிஸ்க்லதான் இருக்கு, டிஸ்க் போனா அதுவும் போச்சு. அதனால பழைய பிசி ஒன்னுல ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் போட்டு வச்சிருக்கேன், முதல் பேக்கப்தான் நேரம் எடுக்கும், அப்புறம் மாறுனது மட்டும்தான் போகும். மாசம் ஒரு தடவ வேற விஎம் நம்பர்ல ரிஸ்டோர் பண்ணி, நெட்வொர்க்க கழட்டிட்டு ஏத்திப் பாப்பேன். போன வாரம் 105ன்னு ஏத்துனேன், அக்கா பக்கத்துல உக்காந்து போன மாச பில்ல ஒன்னொன்னா தேடிப் பாத்து "எல்லாம் இருக்குப்பா"ன்னாங்க, அப்புறம்தான் டிலீட் பண்ணேன்.