கருந்தலைப்புழுவுக்கு ஒட்டுண்ணி வாங்கி விட்டோம் – 5க்கு 4 ஸ்டார்

போன வருசம் மாசி கடைசில எங்க தென்னந்தோப்புல தெக்கால ஓரத்து மரத்துல அடிமட்டையெல்லாம் தீ வச்சு பொசுக்குன மாதிரி காஞ்சு போச்சுங்க, தண்ணி பத்தலைன்னு நெனச்சு கூடுதலா தண்ணி விட்டும் பாத்தாச்சு, ஒண்ணும் கேக்கல. ஒரு ஓலைய வெட்டி திருப்பிப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, அடிப்பக்கம் பூரா நூலும் புழுக்கையும் சேந்து குழாய் மாதிரி கட்டியிருக்கு, உள்ள கருந்தலைப்புழு பச்சையத்த சுரண்டித் தின்னுட்டு கெடக்கு.

மொத தடவ ஒரு தனியார் கடைல போன்ல சொல்லி கோனியோசஸ் ஒட்டுண்ணி (இந்தப் புழு மேல முட்டை வச்சு அத அழிக்கற குட்டிக் குளவி) வரவழைச்சோம். பஸ் பார்சல், வேகாத வெயில், ட்யூப்ப தொறந்தா பாதி செத்துக் கெடந்துச்சு, கேட்டதுக்கு சரியா பதிலும் சொல்லல. உயிரோட இருக்கறத இப்படியா அனுப்புவாங்க, மனசு ரொம்ப கஷ்டமா போச்சு.

ரெண்டாவது தடவ அரசு ஒட்டுண்ணி வளர்ப்பு மையத்துக்கு நானே காலைல நேர்ல போயி வாங்கினேன். சின்ன கருப்பு எறும்பு மாதிரி இருக்கும், ட்யூப் உள்ள காகிதத்துல தேன் தொட்டு வச்சிருந்தாங்க, எல்லாம் சுறுசுறுப்பா ஓடுச்சு. கணக்கு ஹெக்டேருக்கு 3000, அப்ப ஏக்கருக்கு 1200 வரும். அங்க இருந்த மேடம் பொறுமையா ஒண்ணு சொன்னாங்க, மரத்து உச்சிக் கொண்டைல கொண்டு போயி விடாதீங்க, அங்க சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் இதையே புடிச்சுத் தின்னுடும், மரத்தடியில விடுங்கன்னு. நாங்க மொத தடவ ஆள ஏத்தி கொண்டைலதான் விட்டிருந்தோம்! புழு ரொம்பச் சின்னதாவும் இல்லாம முத்தியும் போகாம ரெண்டாவது மூணாவது பருவத்துல இருக்கப்ப விட்டாத்தான் நல்லா புடிக்குமாம்.

பத்து நாள் கழிச்சு ஒரு மட்டைய எறக்கி நூல பிரிச்சுப் பாத்தேன். புழு துவண்டு கெடக்கு, அது மேல வரிசையா குட்டி குட்டி முட்டை, பக்கத்துலயே தாய்ப்பூச்சி நவுராம காவல் இருக்கு. கொட்டி மயக்கி, முட்டை வச்சு, குஞ்சு வளர்ற வரைக்கும் கூடவே இருக்குமாங்க, அதப் பாத்ததுல இருந்து பூச்சி மருந்து டப்பாவ தொடவே மனசு வரல. நம்ம மண்ணுல இருக்கற புழுவுக்கு நம்ம மண்ணுலயே இருக்கற எதிரி இது. புழு ஒரு சுத்து முடிக்க ரெண்டு மாசம் ஆகும், இது ரெண்டு வாரத்துலயே அடுத்த தலைமுறைக்கு வந்துடும், அதனாலதான் எட்டிப் புடிக்குது.

ரொம்ப காஞ்ச அடிமட்டைய வெட்டி எரிச்சுட்டு, மூணு தடவ விட்டோம். காஞ்ச ஓலை திரும்ப பச்சையாகாது, அத எதிர்பாக்காதீங்க, ஆனா அதுக்கப்பறம் வந்த மட்டையெல்லாம் சுத்தமா இருக்கு. செலவும் மரமேறி மருந்தடிக்கற கூலிய விட கம்மிதான்.

ஒரு ஸ்டார் கொறச்சதுக்கு காரணம், நெனச்ச நேரத்துக்கு கெடைக்காது, வாங்குனா வச்சிருக்கவும் முடியாது, அன்னைக்கே கொண்டாந்து விட்டாகணும். மருந்தடிச்ச தோப்புன்னா மூணு வாரமாச்சும் கழிச்சு விடுங்க, இல்லேன்னா காசு வீண். தை மாசத்துல இருந்தே விட ஆரம்பிக்கணுங்கறதால மார்கழிலயே போயி பேர் குடுத்து வச்சிடுங்க, பங்குனில ஓலை காஞ்சப்பறம் ஓடுனா அங்க நம்மள மாதிரி பத்து பேரு காத்துட்டு இருப்பாங்க.