ஈபே, ஓஎல்எக்ஸ், அரசு ஏலம்: வடசென்னையில் இருந்து எதில் தொடங்கலாம்?

பரணில் கிடக்கும் ஒரு பொருளை ஆன்லைனில் விற்க வேண்டும், அல்லது ஏலத்தில் ஒன்றை மலிவாகப் பிடிக்க வேண்டும். தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ இருந்துகொண்டு எந்தத் தளத்தில் இறங்குவது? எங்கே கமிஷன் குறைவு என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. பணம் முதலில் கைமாறுகிறதா, பொருள் முதலில் கைமாறுகிறதா, தகராறு வந்தால் நஷ்டம் யார் தலையில் விழும் என்று பார்த்துவிட்டுத்தான் தளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தைப் பார்த்திருப்பீர்கள். கூடை கண்ணெதிரே இருக்கும், போட்டிக்குக் கேட்பவரின் முகம் தெரியும், கணக்கும் அங்கேயே முடியும். ஆன்லைனில் இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்காது. ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொன்று குறையும்.

ஈபேயை எடுத்துக்கொள்வோம். இந்தியாவுக்குள் வாங்கி விற்கும் ஈபே இந்தியா தளம் இப்போது கிடையாது. 2004-இல் பாஸீ.காமை வாங்கி இங்கே வந்த ஈபே, 2017-இல் இந்தியத் தளத்தை ஃபிளிப்கார்ட்டிடம் கொடுத்தது. 2018 ஆகஸ்டில் அந்தத் தளம் மூடப்பட்டது. இன்று இங்கிருந்து ஈபேயில் விற்பதென்றால் அது ஏற்றுமதிதான். அதனால் பான் கார்டு, வங்கிக் கணக்கோடு ஐஇசி எனப்படும் ஏற்றுமதி இறக்குமதி எண்ணும் வேண்டும். மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் துறையான டிஜிஎஃப்டியின் தளத்தில் 500 ரூபாய் கட்டி ஆன்லைனிலேயே வாங்கிவிடலாம்.

இவ்வளவு மெனக்கெட்டு எதை விற்பது? வடசென்னைக்காரருக்கு அதற்கு நல்ல பதில் ஒன்று இருக்கிறது: பழைய ராயல் என்ஃபீல்ட் புல்லட் பைக்கின் பாகங்கள். 1950-களிலிருந்து திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. இங்கிலாந்தில் பழைய ராயல் என்ஃபீல்ட் கம்பெனி 1970 வாக்கில் முடிந்துபோன பிறகும் இங்கே அதே இன்ஜின் வந்துகொண்டிருந்தது. பழைய வண்டியைப் பிரித்து மாட்டுகிற ஆர்வலர்கள் அங்கே இன்றும் நம் ஊர் பாகங்களைத் தேடுகிறார்கள். கார்புரேட்டர், டைனமோ, ஆம்பியர் மீட்டர், டூல் பாக்ஸ் மூடி போன்றவை சின்னதாக, கனமில்லாமல் இருப்பதால் தபாலில் அனுப்பத் தோதானவை. இந்தியா போஸ்ட்டின் டிராக் செய்யக்கூடிய வெளிநாட்டு பாக்கெட் சேவையில் 2 கிலோ வரை அனுப்பலாம்.

ஒரு கார்புரேட்டரைப் பட்டியலிடும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். வெளியே பளபளவென்று துடைத்து ஒரு போட்டோ எடுத்துப் போட்டால் நல்ல விலை வராது. அடிக் கிண்ணத்தைக் கழற்றி உட்புறம், உள்ளே மேலும் கீழும் நகரும் ஸ்லைடில் கோடு விழுந்திருக்கிறதா என்பது, பாடியில் வார்த்திருக்கும் எண், இன்ஜினோடு பொருந்தும் ஃபிளேஞ்சின் முகம் என எல்லாவற்றையும் தனித்தனியாக எடுத்துப் போட வேண்டும். வண்டியில் மாட்டி ஓட்டிப் பார்க்கவில்லை என்றால் சோதிக்கவில்லை என்றே எழுதுங்கள். எழுதியதற்கும் பொருளுக்கும் ஒத்துவரவில்லை என்று வாங்கியவர் 30 நாளுக்குள் புகார் கொடுத்தால் ஈபே பெரும்பாலும் அவர் பக்கம்தான் நிற்கும். லண்டனிலிருந்து திரும்பி வரும் செலவும் உங்கள் கணக்கில் ஏறும். அப்புறம், பெட்ரோல் துளிகூட, வாடைகூட இருக்கக்கூடாது. எரிபொருள் எச்சம் இருந்தால் விமானத் தபாலில் ஏற்றமாட்டார்கள்.

ஏலமா, நிலையான விலையா? ஈபேயில் இப்போது பெரும்பகுதி நிலையான விலைதான். நான்கு பேர் ஒரே நேரத்தில் தேடுகிற அபூர்வப் பொருள் என்றால் மட்டும் ஏலத்துக்கு விடுங்கள். இல்லாவிட்டால் ஆரம்ப விலைக்கே ஒற்றை ஆள் தட்டிக்கொண்டு போய்விடுவார். பெரும்பாலும் 7 நாள் ஏலம் சரியாக இருக்கும். பிரிட்டனில் ஞாயிறு இரவு 8 மணிக்கு, ஆட்கள் ஓய்வாக இருக்கும் நேரத்தில் முடிய வேண்டும் என்றால் நமக்கு அது நள்ளிரவு 12:30 அல்லது 1:30. அதைக் கணக்குப் போட்டுத் தொடங்குங்கள்.

ஈபேயில் வாங்குபவராக ஏலம் கேட்கிற முறையும் வேறு. உங்கள் உச்ச விலையை ஒரே தடவை எழுதிவிடலாம். நீங்கள் 60 பவுண்டு என்று எழுதி, அடுத்தவரின் உச்சம் 41 என்றால் 42 வாக்கில் உங்களுக்கு முடியும்; தேவைப்படும் அளவுக்கு மட்டும் தளமே ஏற்றிக்கொள்ளும். கடைசி நொடியில் பாய்ந்து கேட்பவர்களைப் பார்த்துப் பதறி 65, 70 என்று ஏற்றத் தொடங்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான். இந்தியாவுக்கு வரவழைத்து வாங்குவதென்றால் தபால் செலவையும் சுங்க வரியையும் சேர்த்துப் பாருங்கள். பல பொருட்களுக்கு அதிலேயே கதை முடிந்துவிடும்.

விற்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கை 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா எடுத்துவிட்டது. ஆகவே அந்த வரியை யார் கட்டுவது என்று முடிவுசெய்யாமல் அங்கே விற்க வேண்டாம். இன்னொன்று, பாட்டி காலத்துப் பித்தளை விளக்கு, பழைய நாணயம் என்று ஆசைப்பட்டு அனுப்பிவிடாதீர்கள். நூறு ஆண்டு தாண்டிய கலைப்பொருட்களும் நாணயங்களும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை நாட்டைவிட்டு அனுப்புவது குற்றம்.

ஓஎல்எக்ஸும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸும் ஏலத் தளங்கள் அல்ல. ஆனால் நம் ஊரில் பேரம் நடப்பது அங்கேதான். “லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்கண்ணா” என்று ஆரம்பித்து மூன்று பேர் ஒரே கட்டிலுக்கு விலை கேட்டால் அதுவும் ஒருவகை ஏலம்தான். பீரோ, வாஷிங் மெஷின், கேரம் போர்டு, முழு வண்டி என்று தூக்கி அனுப்ப முடியாதவை எல்லாம் இங்கேதான் விலை போகும். இதன் பெரிய பலம், பொருளைக் கண்ணால் பார்த்துவிட்டுக் காசு கொடுக்கலாம் என்பது. அந்தப் பலத்தை வீணாக்காதீர்கள். முன்பணம் கேட்டால் அடுத்த ஆளைப் பாருங்கள். சின்னப் பொருள் என்றால் வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி போன்ற மெட்ரோ நிலைய வாசலில், பகலில், நாலு பேர் நடமாடும் இடத்தில் சந்தியுங்கள்.

செகண்ட் ஹேண்ட் போன் வாங்கும்போது *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனின் அடையாள எண்ணை, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பாருங்கள். திருட்டுப் போன் என்று முடக்கியிருந்தால் தெரிந்துவிடும். வண்டி என்றால் ஆர்சியில் கடன் பதிவு இருக்கிறதா, அபராதம் பாக்கி இருக்கிறதா என்று அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் பார்த்துவிட்டு, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கிய பிறகு காசை எடுங்கள்.

இங்கே விற்பவர்தான் அதிகம் ஏமாறுகிறார் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றம் வந்துவிட்டது, நேரில் வர முடியாது, பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள் என்பார்கள். பணம் வாங்க ஸ்கேனும் தேவையில்லை, யுபிஐ பின்னும் தேவையில்லை. பின் கேட்டாலே உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்று அர்த்தம். வீட்டில் வயதானவர்கள் விற்கிறார்கள் என்றால் இதை முன்பே சொல்லிவையுங்கள். ஏமாந்துவிட்டால் காத்திருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க அதுதான் வழி.

ஈபேயா, ஓஎல்எக்ஸா என்றால் புதியவருக்கு என் ஓட்டு ஓஎல்எக்ஸுக்குத்தான். ஈபேயில் விலை அதிகம் கிடைக்கலாம். ஆனால் பொருள் கையைவிட்டுப் போன பிறகும் ஒரு மாதம் பொறுப்பு நம் மேல் இருக்கிறது. புதிய விற்பனையாளர் எத்தனை பொருள் பட்டியலிடலாம் என்பதற்கும் ஈபே வரம்பு வைக்கிறது. உள்ளூரில் கொஞ்சம் கை பழகிவிட்டு அங்கே போனால் தாங்கும்.

வங்கி ஏலத்தில் வரும் வீடு, மனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கி விற்க வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தில் நடக்கும் இவற்றில் வழக்கமாகக் குறைந்தபட்ச விலையில் பத்து சதவீதத்தை முதலில் டெபாசிட்டாகக் கட்ட வேண்டும். ஜெயித்தால் அதையும் சேர்த்து ஏல விலையில் நான்கில் ஒரு பங்கை அடுத்த வேலை நாளுக்குள், மீதியைப் பொதுவாக 15 நாளில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கொடுத்ததும் போய்விடும். வங்கி வீட்டைப் பூட்டிச் சாவி வைத்திருக்கிறதா, காகிதத்தில் மட்டும் கைப்பற்றியிருக்கிறதா என்று கேளுங்கள். ஆள் குடியிருக்கும் வீட்டை முதல் ஏலமாக எடுக்காதீர்கள்.

அசல் ஏலத்தின் சூடு இருப்பது ஸ்கிராப் ஏலத்தில்தான். 1964-இல் தொடங்கிய மத்திய அரசின் எம்எஸ்டிசி நிறுவனம் பல அரசு நிறுவனங்களின் கழிவுப் பொருட்களை விற்கிறது. ரயில்வே ஸ்கிராப் அந்தத் துறையின் சொந்தத் தளமான ஐஆர்இபிஎஸ்ஸில் வருகிறது. பெரம்பூரும் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்பும் பக்கத்திலேயே இருப்பது நமக்கு வசதிதான். கடைசி நிமிடங்களில் யாராவது கேட்டால் நேரம் நீளும் என்பதால் ஈபேயில் சிலர் செய்வதுபோல இங்கே கடைசி நொடியில் பாய்ந்து பயனில்லை. விற்பது அரசு என்பதால் பணம் எங்கே போகும் என்ற பயமும் இல்லை. ஆனால் பொருள் “எங்கே எப்படி உள்ளதோ அந்த நிலையில்”தான் கிடைக்கும். எடுத்த பிறகு குறை சொல்ல முடியாது. பார்வையிட ஒதுக்கும் நாளில் நேரில் போய் லாட்டை, அதாவது ஒரே ஏலத்தில் மொத்தமாக விற்கும் குவியலை, சுற்றிவந்து பாருங்கள். பேட்டரி, கழிவு எண்ணெய் போன்றவற்றை எடுக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி தேவை.

தனி ஆளாக இதில் இறங்குவதைவிட, தெரிந்த காயலான் கடைக்காரரோடு ஒரு லாட்டில் பங்கு போட்டுக்கொள்வதே மேல். எடை குறைவு, துரு, கலப்பு எல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியும். லாரியும் ஆளும் அவரிடம் இருக்கும். நிபந்தனைத் தாளில் பொருளை அப்புறப்படுத்த வேண்டிய கடைசித் தேதியை மட்டும் நீங்களே படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அது தாண்டினால் தரை வாடகை ஏறும். இன்னும் இழுத்தால் லாட்டையும் கட்டிய பணத்தையும் சேர்த்தே இழக்க நேரிடலாம்.